முப்பத்தேழாம் வரி

வில்லரே, மொன்றியல்
10 ஒக்டோபர் 2004

என் அன்பின் கௌசிக்கு,

உன் பார்சல் பத்திரமாக வந்தது என்று எழுதத்தான் ஆசை. தபால்காரர் அதைக் கீழே 'தெப்பனர்' என்கிற சில்லறைக் கடையில் கொடுத்துவிட்டுப் போக, கடைக்காரர் பால் பெட்டிகளுக்கு மேலே வைத்துவிட்டார். முந்நூறு வருடமாகக் கறையானுக்கும் கடலுக்கும் தப்பிய மட்டக்களப்புக் கணக்கு, வில்லரேயில் பாலில் நனைந்துவிட்டது. பிரதிதானே, நெஞ்சைப் பிடிக்காதே. மூலையில் மட்டும்தான்.

ஞாயிறு முழுவதும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒல்லாந்தர் கோட்டையில் வேலை செய்த யாரோ ஓர் எழுத்தர், பெயரைக்கூட எழுதவில்லை. அறுபது தேதிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அன்று மட்டக்களப்பில் நண்பகலில் வெள்ளிக் கிரகம் எத்தனையாம் பாகையில் நின்றது என்ற எண். அந்தக் கோட்டைச் சுவரில் சாய்ந்து ஐஸ்பழம் தின்றதுதான் நான் அங்கே செய்த ஒரே ஆராய்ச்சி. உள்ளே ஒரு மனுசன் இருந்து வெள்ளியைக் கணித்திருக்கிறான் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அவர் வானத்தைப் பார்த்து எழுதவில்லை, ஐரோப்பாவில் அச்சான ஏதோ ஓர் அட்டவணையை வைத்துத்தான் கணித்திருக்கிறார் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. எந்த அட்டவணை என்பதுதானே கேள்வி. ஒல்லாந்தர் கோட்டையில் அந்தக் காலத்து ஒல்லாந்து வானியல் கிழவரின் அட்டவணை இல்லாமல் வேறு யாருடையது இருக்கும் என்று உன் பேராசிரியர்கள் சொல்கிறார்கள். உனக்கும் எனக்கும் அதே காலத்து ஜேர்மன் வானியல் கிழவர் மேல் ஒரு கண். சரி, அந்தக் கிழவரை என்னிடம் விடு. அவருடைய அட்டவணையில், அவர் சொன்ன முறையிலேயே, மடக்கை பார்த்து, கூட்டிக் கழித்து அறுபது வரியையும் கையால் கணித்துத் தருகிறேன். ஒல்லாந்துக் கிழவரை நீ கட்டிக்கொண்டு அழு.

ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது என்று சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். ஜேர்மன் கிழவரின் அட்டவணை டென்மார்க் பக்கத்துத் தீவொன்றின் நேரப்படி. மட்டக்களப்பு அதற்கு நாலரை மணித்தியாலத்துக்குச் சற்று மேலே முன்னால் நிற்கிறது. ஒவ்வொரு வரியிலும் முதல் வேலை அதைக் கழிப்பது. சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை முடிந்து வந்த என் மனுசன் கிறகரி அதை வாசித்துவிட்டு, "இதென்னகா, ஊருக்குப் போன் எடுக்கிற கணக்கா?" என்கிறார்.

இனி என் விஷயம். டவுன்டவுனுக்குப் போய் என் பழைய பேராசிரியரைப் பார்த்தேன். மகள் யோசெப்பின் என் வயிற்றில் இருந்தபோது விட்டுவிட்டு வந்த கலாநிதிப் படிப்பு. கதவு இன்னும் முழுதாகச் சாத்தவில்லையாம். என் பெயர் போட்ட ஒரு கட்டுரை 2006 முடிவதற்குள் அச்சில் வந்தால், என்னைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி அவரே எழுதுவாராம். அதற்குப் பிறகு அவர் ஓய்வு பெறுகிறார். வேறு யாரும் எனக்காக எழுதப்போவதில்லை. உனக்கு இது இன்னொரு கட்டுரை கௌசி. எனக்கு இதுதான் கட்டுரை.

ஜூனில் ஜெரி பூங்காவில், கிறகரி இரவல் வாங்கி வந்த வெல்டிங் கண்ணாடியால் சூரியனில் வெள்ளி ஊர்ந்துபோனதைப் பார்த்தோமே, அதை யோசெப்பின் இன்னும் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சில் சொல்லித் திரிகிறாள். நீ கண்ணாடியைத் தரவே மாட்டேன் என்று நின்றதையும் சேர்த்துத்தான் சொல்கிறாள்.

பேராதனை விடுதியில் உன் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டில்,
அக்னெஸ்


லெய்டன்
27 ஒக்டோபர் 2004

என் செல்ல அக்னெஸ்,

உன் எழுத்தைப் பார்த்ததும் மழையும் சைக்கிளும் கிழங்கும் தவிர வேறொன்றும் இல்லாத இந்த ஊர் கொஞ்சம் வெளித்தது. தமிழில் மின்னஞ்சல் அனுப்பினால் உனக்குக் கட்டம் கட்டமாக வருகிறது. போனில் கதைத்தால் பாதியில் அட்டை முடிகிறது. நீ கடிதமே எழுது.

ஜேர்மன் கிழவரை நீ எடுத்ததில் எனக்கு நிம்மதி. கூட்டல் கழித்தலுக்கு எனக்குப் பொறுமை இல்லை என்பது உனக்கே தெரியும். விடுதியில் சாப்பாட்டுக் கணக்கையே நீதானே பார்த்தாய்!

இங்கே மாணவர்களுக்குப் போன கிழமை நம் வேலையைப் பற்றி ஒரு வகுப்பு எடுத்தேன். என்ன சொன்னேன் தெரியுமா? சரியான விடை யாருக்கும் சொந்தமில்லை. பத்துப் பேர் தனித்தனியாகக் கணித்தாலும் அதுதான் வரும். பிழைதான் ஆளுக்கு ஆள் வேறு. ஒரே பிழை இரண்டு தாளில் இருந்தால் ஒருவர் மற்றவரைப் பார்த்து எழுதியிருக்கிறார். பேராதனையில் விடைத்தாள் திருத்தியபோது இப்படித்தானே அந்த இரண்டு பெடியன்களையும் பிடித்தோம்! அட்டவணைகளிலும் அதேதான். ஜேர்மன் கிழவர் விட்ட பிழைகள் எழுத்தரிடம் இருந்தால், எழுத்தரின் மேசையில் ஜேர்மன் கிழவர் இருந்திருக்கிறார்.

பெயர் பற்றி யோசிக்காதே. இரண்டு பேரும்தான். அகரவரிசையில் நீ முதல், நான் பின்னால். அதில் என்ன பேச்சு?

கிறகரி அண்ணைக்கு என் அன்பைச் சொல். அவருடைய இறால் குழம்பை நினைத்தபடி இங்கே பாண் தின்கிறேன்.

உன்னுடைய,
கௌசி


வில்லரே
16 ஜனவரி 2005

அன்பின் கௌசி,

உன் இரண்டு அழைப்புகளுக்கும் நான் பேசவில்லை. கிறகரி சொல்லியிருப்பார். பேச வரவில்லை. எழுத வருகிறதா என்று பார்க்கிறேன்.

அம்மா நத்தார்ப் பண்டிகைக்கு நாவலடிக் கடற்கரையில் சின்னம்மா வீட்டுக்குப் போயிருந்தார். கடல் வந்துபோனபின் நாவலடி இருந்த இடத்தில் இப்போது மணல்தான் என்கிறான் தம்பி.

எங்களுக்கு இங்கே நத்தார் முடிந்து விடிந்தபோதுதான் தொலைக்காட்சியில் காட்டினார்கள். காலையில் இருந்து கிறகரி ஒரு போனில், நான் மற்றதில். ஒன்றும் போகவில்லை. சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. கிழவரின் அட்டவணையை எடுத்துச் சமையலறை மேசையில் விரித்தேன். ஒரு வரி கணிப்பேன், ஒரு தரம் போன் அடிப்பேன். இங்கே இத்தனை மணி, அதோடு பதினொன்று, அங்கே இப்போது இருட்டியிருக்கும், அம்மா எங்கே படுப்பார், யார் ஒரு பாய் கொடுப்பார்கள். இதையே கூட்டிக் கூட்டிப் பார்த்தபடி இருந்தேன். முப்பத்தேழாம் வரியை எழுதிவிட்டுப் பேனையை வைக்கிறேன், தம்பி எடுக்கிறான். "அக்கா, அம்மாவை எடுத்திட்டம்" என்றான். நான் சிரித்தேன் கௌசி. மாதாவே என்று சொல்லிச் சத்தமாகச் சிரித்தேன். உயிரோடு எடுத்தார்கள் என்றுதான் நினைத்தேன். கிறகரி என் கையில் இருந்து போனை வாங்கினார்.

போகவில்லை. நான் ஊர் போய்ச் சேருவதற்குள் அம்மாவை அடக்கிவிட்டார்கள். முப்பத்தோராம் நாள் பூசை இந்த மாதக் கடைசியில் இங்கே கொடுக்கிறோம்.

மிச்ச வரிகளைப் பிறகு செய்து முடித்தேன். என்னத்துக்குச் செய்தேன் என்று கேட்காதே. யோசெப்பின் பள்ளிக்கூடம் போனதும் வீடு கேட்க முடியாத அமைதியாக இருந்தது. அறுபது வரியும் இத்துடன் இருக்கின்றன. நகல் எடுக்கக் கடைக்குப் போக மனமில்லை, இருந்த தாளையே அனுப்புகிறேன். அன்றைக்குச் செய்ததை மட்டும் நீ ஒருமுறை சரிபார். அன்று என் தலை என்னிடம் இருக்கவில்லை.

அக்னெஸ்


லெய்டன்
2 பெப்ரவரி 2005

என் கண்ணான அக்னெஸ்,

உன் கடிதத்தை வாசித்து அழுது, மடித்து வைத்து, மறுபடி எடுத்து அழுதேன். உன் அம்மா விடுதிக்கு அனுப்பிய கசுக்கொட்டையில் பாதியைத் தின்றவள் நான். பெற்ற தாய்க்கு ஈடாக என்ன சொல்ல? பக்கத்தில் இருந்தால் மடியில் படுக்கவைத்துத் தலையைத் தடவுவேன். கடவுள் உனக்குத் தைரியத்தைத் தரட்டும்.

இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். உனக்கு ஆறுதலாக இருக்கும் என்று சொல்கிறேன். ஜேர்மன் கிழவரேதான் அக்னெஸ்! உன் ஐம்பத்தொன்பது வரி எழுத்தரின் எண்ணோடு இம்மியும் பிசகாமல் பொருந்துகிறது. ஒல்லாந்துக் கிழவர் கிட்டவும் வரவில்லை. இங்கே எல்லாரும் வாயைப் பிளக்கப்போகிறார்கள். ஒரு வரி மட்டும் பாகையில் மூன்றில் ஒரு பங்கு விலகுகிறது. அது எழுத்தரின் கைப்பிசகாக இருக்கும், விட்டுத்தள்ளு. சரிபார்க்கச் சொன்னாய். உன் கணக்கைச் சரிபார்க்க நான் யார்? உன்னை எனக்குத் தெரியாதா?

இனி நீ ஒன்றுக்கும் யோசிக்காதே. ஆங்கிலத்தில் எழுதுவது என் பாடு. நீ சாப்பிடு, தூங்கு, பிள்ளையைப் பார்.

என்றும் உன்,
கௌசி


வில்லரே
9 ஒக்டோபர் 2005

அன்பின் கௌசலாவுக்கு,

எட்டு மாதம். பிள்ளை என்றால் இந்நேரம் வயிற்றில் உதைத்திருக்கும். ஒரு கட்டுரை இத்தனை மாதம் அசையாமல் கிடந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டாமா?

குறை சொல்லவில்லை. கோடையில் இரண்டு கடிதம் போட்டேன், ஒரு பூப் படம் போட்ட அட்டை வந்தது. "நலம், வேலை அதிகம், பேந்து எழுதுகிறேன்." அதே அட்டையை உன் பல் வைத்தியருக்கும் நீ அனுப்பியிருக்கலாம்.

நான் இங்கே சும்மா இருக்கவில்லை. வளர்ந்தவர்களுக்கான பின்னேர வகுப்பில் கணக்குப் படிப்பிக்கிறேன். பின்னம் என்றால் அழுகிற பெரிய மனிதர்கள். அவர்களுக்குப் பின்னம் விளங்கிய நாளில் எனக்கு மெற்றோவில் பாட்டு வருகிறது. ஆனாலும் பேராசிரியர் போன கிழமையும் கேட்டார், "எங்கே உன் கட்டுரை?" என்று. என் தோழி எழுதுகிறாள் என்று சொல்லிச் சொல்லி எனக்கே அந்தத் தோழி இருக்கிறாளா என்று சந்தேகம் வந்துவிட்டது. எழுதியவரை அனுப்பு. ஆங்கிலம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. நான் பார்க்கவேண்டும்.

கிறகரி சொல்கிறார், "அந்தப் புள்ள அப்படிப்பட்ட ஆளில்லகா. வேலையில கிடக்கும். மறுகா அனுப்பும்." அவர் எல்லாரையும் நம்புவார். அவருடைய கடை முதலாளியையே நம்புகிறார்.

அக்னெஸ்


லெய்டன்
1 டிசம்பர் 2005

அன்புள்ள அக்னெஸ்,

உன் கோபம் நியாயம். அடிக்க வேண்டுமென்றால் அடி, ஆனால் முதலில் கேள்.

என் ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது. தனிப் பெயரில் ஒரு கட்டுரை இல்லாவிட்டால் நீட்டமாட்டார்கள். ஒப்பந்தம் போனால் விசாவும் போகும். நாற்பது வயதில் நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? உனக்குக் கிறகரி இருக்கிறார், பிள்ளை இருக்கிறாள், கனேடியக் கடவுச்சீட்டு இருக்கிறது. எனக்கு இந்த மேசை ஒன்றுதான்.

அதைவிட, கையால் செய்த கணக்கை இங்கே ஏற்கிறார்களில்லை. ஆகவே கிழவரின் முறையைக் கணினியில் ஏற்றி அறுபது வரியையும் நானே புதிதாகக் கணித்துவிட்டேன். உன் தாள்கள் வழிகாட்டியாக இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் கட்டுரையில் இருப்பது உன் கணக்கு அல்ல. அப்படி இருக்க உன் பெயரைப் போடுவது உனக்கே மரியாதையாக இராது. நன்றியுரையில் முதல் ஆளாக உன்னைச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த கட்டுரை நம் இருவருக்கும். இது என் வாக்கு. இந்த ஒரு தடவை எனக்காகப் பொறுத்துக்கொள், அக்கா தங்கை போல் இருந்தவர்கள்தானே.

அன்புடன்,
கௌசி


வில்லரே
14 மே 2006

கௌசலா,

உன் டிசம்பர்க் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. பொறுத்துக்கொள் என்றாய், பொறுத்துக்கொண்டேன். அவள் புதிதாகக் கணித்திருந்தால் அது அவளுடைய வேலைதான் என்று கிறகரியிடமும் சொன்னேன். பேராசிரியரிடம் போய், கட்டுரை இப்போதைக்கு இல்லை என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நேற்று டவுன்டவுன் நூலகத்தில் உன் கட்டுரையைப் பார்த்தேன். நன்றியுரையில் மூன்று நிறுவனங்களுக்கும் நாலு பேராசிரியர்களுக்கும் பிறகு, "மொன்றியல் நண்பர்களுக்கும்" என்று இருக்கிறது. நான் பன்மை ஆகிவிட்டேன். பரவாயில்லை, அதற்காக இதை எழுதவில்லை.

உன் அட்டவணைக்குக் கீழே ஓர் அடிக்குறிப்பு. முப்பத்தேழாம் வரியில் எழுத்தரின் எண் மற்ற வரிகளைப் போல் பொருந்தவில்லை, மட்டக்களப்பின் வெக்கையில் அல்லது காய்ச்சலில் அவர் பிசகியிருக்கலாம் என்று எழுதியிருக்கிறாய். ஆங்கிலத்தில் படிக்க அழகாகத்தான் இருக்கிறது. எனக்கு அந்த மனுசனுக்காக மனம் கேட்கவில்லை. அறுபது வரியில் ஒன்றில்கூடத் தூங்காத ஆள். வீட்டுக்கு வந்து அந்த ஒரு வரியை மறுபடி கணித்தேன். நாலரை மணித்தியாலத்துச் சொச்சத்தைக் கழித்துக் கணித்தால் எழுத்தரின் எண் அப்படியே வருகிறது. அவர் பிசகவில்லை கௌசலா. அவர் சரி.

அப்படியென்றால் உன் எண் எங்கிருந்து வந்தது? மேசையில் இருந்து யோசித்தேன். பிறகு ஒரு நினைவு வந்தது. நாலரைக்குப் பதிலாகப் பதினொன்றைக் கழித்துப் பார்த்தேன். உன் எண் வந்தது. பாகையில் அறுபதில் ஒரு பங்குகூட வித்தியாசமில்லை.

பதினொன்று என்ன தெரியுமா? எந்தக் கிழவரின் அட்டவணையிலும் அது இல்லை. எந்தக் கணினியிலும் அது தானாக வராது. மொன்றியலில் இருந்து மட்டக்களப்புக்குப் போன் எடுக்கிறவளின் கணக்கு அது. அன்றைக்கு அம்மா எங்கே படுப்பார் என்று நான் கூட்டிக்கொண்டிருந்த பதினொன்று, கைதவறி அந்த வரிக்குள் போயிருக்கிறது. அந்த வரியோடுதான் போன் கிடைத்தது என்று உனக்கு எழுதினேனே. எந்த வரி என்றுகூட எழுதினேனே. சரிபார் என்று கேட்டேனே. கடிதத்தையும் வாசித்தாய், தாளையும் பிரதி எடுத்தாய். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க உனக்கு ஒரு நிமிடம் இருக்கவில்லை.

"ஒரே பிழை இரண்டு தாளில் இருந்தால் ஒருவர் மற்றவரைப் பார்த்து எழுதியிருக்கிறார்." உன் வகுப்பில் நீ சொன்னது. நாங்கள் பிடித்த அந்த இரண்டு பெடியன்களுக்காவது இருபது வயது.

நீ புதிதாகக் கணிக்கவில்லை. ஒரு வரியையும் கணிக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, சோறு வெந்ததா என்று என்னையே கேட்கிறாய். எனக்கு உன்மேல் வந்திருக்கும் கோபத்தை எழுத இந்தத் தாள் போதாது. அழுகை வேறு வருகிறது, அது இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

நான் உன் மேலதிகாரிகளுக்கு எழுதப்போவதில்லை. உன் மேசையை நீயே வைத்துக்கொள். ஒன்றே ஒன்று செய். ஜேர்மன் அட்டவணைப்படி அறுபது வரியையும் கணித்தது அக்னெஸ் என்று அந்தச் சஞ்சிகைக்கு ஒரு திருத்தம் அனுப்பு. முதல் பெயர் வேண்டாம், எங்கேயாவது ஒரு பெயர் போதும். இந்த வருடத்துக்குள் அது அச்சில் வந்தால் எனக்குக் கதவு திறக்கும். எழுத்தரின் பேரில் போட்ட பழியையும் எடுத்துவிடு. அவருக்குக் கடிதம் எழுத வழியில்லை.

அக்னெஸ்


லெய்டன்
20 ஜூன் 2006

என் அக்னெஸ்,

உன் கடிதம் வந்து ஒரு மாதமாக என்னால் சரியாகச் சாப்பிட முடியவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வரிக்குப் பின்னால் அந்த நாள் இருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் தொட்டிருக்கமாட்டேன். கணினியில் ஏற்றத்தான் நினைத்தேன். பிறகு கடைசித் தேதி வந்துவிட்டது, அப்புறம் எல்லாம் கைமீறிப் போய்விட்டது. இதற்கு மேல் என்னை எழுத வைக்காதே.

ஒப்பந்தத்தை இரண்டு வருடம் நீட்டியிருக்கிறார்கள். அந்தக் கட்டுரையால்தான். அதை இப்போது இடித்தால் நானும் சேர்ந்து இடிந்துவிடுவேன். ஆனால் உன்னையும் நான் இழக்க முடியாது. பாம்பும் சாகாமல் தடியும் முறியாமல் ஒரு வழி யோசித்துச் செய்திருக்கிறேன். திருத்தத்தை அனுப்பிவிட்டேன். சஞ்சிகையும் ஏற்றுக்கொண்டது. ஒக்டோபர் இதழில் வரும். அதைப் பார்த்தபின் உன் மனம் ஆறும் என்று நம்புகிறேன். எழுத்தரின் பழியும் நீங்கிவிடும்.

யோசெப்பினுக்கு ஒரு கம்பளிச் சட்டை வாங்கி அனுப்புகிறேன். நீலம் அவளுக்குப் பிடிக்கும் அல்லவா?

மன்னிப்பாய் என்ற நம்பிக்கையில்,
உன் கௌசி


வில்லரே
12 நவம்பர் 2006

மதிப்புக்குரிய கலாநிதி கௌசலா தியாகலிங்கம் அவர்களுக்கு,

நீங்கள் என்று எழுதத்தான் தொடங்கினேன். கை வரவில்லை. இருபது வருடப் பழக்கம் அவ்வளவு லேசில் விடுமா? நீ என்றே எழுதுகிறேன். மேலே இருக்கும் மரியாதையை வைத்துக்கொள்.

உன் ஜூன் கடிதம் வந்தபோது நான் ஏமாந்துபோனேன். சந்தோசத்தில்தான். திருத்தம் அனுப்பிவிட்டாள், என் கௌசி திரும்பிவிட்டாள் என்று கிறகரியிடம் ஓடினேன். பாம்பும் தடியும் என்று எழுதியிருக்கிறாளே, இதில் நான் பாம்பா தடியா என்று கேட்டுச் சிரித்தோம். பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவருடைய முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். அந்தப் பக்கத்தைக் கொண்டுவா, ஜனவரியில் உன்னைச் சேர்த்துவிட்டுத்தான் நான் வீட்டுக்குப் போவேன் என்றார். கோடை முழுவதும் என் பழைய புத்தகங்களைத் தூசு தட்டி, இரவல் கொடுத்தவற்றைத் திருப்பி வாங்கி, ஒரு தட்டில் அடுக்கி வைத்தேன். யோசெப்பின் ஒரு கடதாசியில் பிரெஞ்சில் "அம்மாவின் மேசை, தொடாதே" என்று எழுதி ஒட்டினாள்.

நேற்று மூன்று பேரும் நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு நூலகத்துக்குப் போனோம். கிறகரி அன்றைக்கு லீவு எடுத்தார். எனக்குத் தெரிந்து அந்தக் கடைச் சமையலறையில் அவர் எடுத்த முதல் லீவு. சஞ்சிகை வந்திருந்தது. திருத்தம் கடைசிப் பக்கத்தில், மூன்றே வசனம். உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் தமிழில் ஒருமுறை வாசித்துப் பார். "முப்பத்தேழாம் வரியில் தரப்பட்ட எண், கணிப்பின்போது ஆசிரியருக்கு நேர்ந்த சிறு தவறாகும். சரியான எண் கீழே தரப்படுகிறது. எழுத்தரின் எண்ணுடன் அது முழுமையாகப் பொருந்துகிறது."

அவ்வளவுதான். நான் சொல்லித்தந்த எண்ணைப் போட்டுவிட்டாய். எழுத்தரைக் காப்பாற்றிவிட்டாய். கட்டுரை முன்னைவிட உறுதியாகிவிட்டது. நீ என்னைப் பார்த்து எழுதியதற்கு அச்சில் அந்த ஒரு பிழைதான் சாட்சி. கழுவித் துடைத்துவிட்டாய். என் தாளும் உன்னிடம், பிரதியும் இல்லை. உன் கடிதங்களைக் காட்டி வழக்காட நான் வரமாட்டேன் என்பதும் உனக்குத் தெரியும்.

கிறகரி பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்ககா உன்ட பேர்?" என்று கேட்டார். மறுபுறம் இருக்கும் என்று நினைத்தார் பாவம். மறுபுறம் விளம்பரம். யோசெப்பின் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சஞ்சிகையை மூடி வைத்தாள். மெற்றோவில் திரும்பி வந்தோம். கிறகரி இறங்கும்போது, "அந்தப் புள்ளைக்கு நான் இறால் சமைச்சுப் போட்டனே" என்றார். அவர் உன்னைப் பற்றிச் சொன்ன கடைசிச் சொல் அது.

பேராசிரியருக்கு இன்று காலை போன் எடுத்துச் சொன்னேன். வருத்தம் என்றார். உண்மையாகத்தான் சொன்னார். அந்த விஷயம் முடிந்தது. பின்னேர வகுப்பு இருக்கிறது, பின்னம் இருக்கிறது, நான் செத்துப்போக மாட்டேன்.

படிப்பு போனதற்கு நான் அழுதேன், மறைக்கவில்லை. ஆனால் நேற்றில் இருந்து என் நெஞ்சில் நிற்பது அது இல்லை. "ஆசிரியருக்கு நேர்ந்த." அந்த இரண்டு சொல்.

சரியான விடை யாருக்கும் சொந்தமில்லை என்று நீ எழுதினாய். சரி. ஐம்பத்தொன்பது வரியையும் வைத்துக்கொள். யார் கணித்தாலும் அதுதான் வரும், நீயும் கணித்திருக்கலாம், கணிக்கவில்லை, போகட்டும். பிழை ஆளுக்கு ஆள் வேறு என்றும் நீதான் எழுதினாய். அந்தப் பிழை உனக்கு நேரவில்லை கௌசலா. அன்றைக்குப் போன் போகாமல் அந்த மேசையில் இருந்தவள் நான். பதினொன்றைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தவள் நான். எடுத்திட்டம் என்றதும் சிரித்தவள் நான். என் அம்மா செத்த நாளில் என் கையால் நடந்தது அது ஒன்றுதான். அதையும் உனக்கு நேர்ந்தது என்று அச்சில் போட்டுவிட்டாய். கணக்கைத் திருடினாய், பொறுத்திருப்பேன். அந்தப் பிழையை எடுக்க உனக்கு எப்படியடி மனம் வந்தது?

நீ அனுப்பிய நீலச் சட்டை யோசெப்பினுக்குச் சின்னது. பிள்ளை வளர்ந்துவிட்டாள். கீழே கடைக்காரரின் மகளுக்குக் கொடுத்தேன்.

மாதக் கடைசியில் நாங்கள் புரோசார்ட்டுக்கு வீடு மாறுகிறோம். புது முகவரியை இதில் எழுதவில்லை. இந்த முகவரிக்கு நீ எழுதினால் திருப்பி அனுப்பிவிடும்படி கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.

அக்னெஸ் கிறகரி